சம்பளத்துக்குத் துக்கம் விசாரிப்பவன்

1

ஊரில் என்னை டாக்குத்தர் என்று சொல்லித் திரிகிறார்களாம். சட்டம் படிக்க லண்டனுக்கு வந்திருக்கும் நம் பக்கத்து ஆள் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது சொன்னார். "காக்கா, சாய்ந்தமருதுல உங்களப் பத்தித்தான் கதை. வெள்ளைக்காரனுக்கே மருந்து குடுக்கிற டாக்குத்தர் எண்டு சொல்றாங்க." கிளப்பிவிட்டது யார் என்று நான் கேட்கவில்லை. செத்துப்போன என் மனைவி ஆமினாவின் காக்கா, அதாவது அண்ணன், அலியார் மச்சானைத் தவிர, அந்த ஊரில் இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல ஆள் கிடையாது.

நான் டாக்டர் இல்லை. இங்கிலாந்தின் வடக்கே, புகையும் மழையும் மாறி மாறி ஆட்சி செய்யும் ஒரு பட்டணத்தில், மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண் தாதியாகச் சேர்ந்தவன். இப்போது அங்கேயே வேறொரு வேலை தந்திருக்கிறார்கள். சாவைச் சந்தித்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துக் கதைப்பது. துக்கத்துக்குச் சிகிச்சை என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் வேலைவெட்டி இல்லாதவனெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டு இலவசமாகச் செய்கிற காரியத்துக்கு எனக்குச் சம்பளமும் பென்சனும் கிடைக்கிறது. வெட்கமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இலவசமாகச் செய்தவர்களின் லட்சணம் எனக்குத் தெரியும்.

இந்த மாதத்தோடு ஆமினா போய் ஆறு வருஷம். இங்கே அதைச் சொல்ல ஆள் இல்லை. சொன்னால் தேநீர் போட்டுத் தருவார்கள். ஆகவே நம் ஊர்ப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நான் பிறந்தது மருதமுனையில். கலியாணம் முடித்தது சாய்ந்தமருதில். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளைதான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும். நானும் போனேன். வேலை கொழும்பில், புடவை மொத்த வியாபாரக் கடை ஒன்றில். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன்.

ஆமினாவுக்கு நெருப்புக் காய்ச்சல் என்று முதலிலேயே அறிவித்திருந்தார்கள். குறைந்துவருகிறது என்றும் அறிவித்தார்கள். பிறகு ஒரு மத்தியானம் மச்சானின் தந்தி வந்தது. "ஆமினா கடுமை. உடனே வரவும்."

நம் ஆட்கள் 'மௌத்து' என்று தந்தி அடிப்பதில்லை. செத்து, குளிப்பாட்டி, கபன் துணி சுற்றிய பிறகும் தந்தியில் 'கடுமை'தான். அடுத்த வீட்டுக்கு அப்படி ஒரு தந்தி வந்தால் தபால்காரன் படலையைத் தாண்டும் முன்பே நமக்கு விஷயம் விளங்கிவிடும். தன் வீட்டுக்கு வந்தால் மட்டும் கடுமை என்றால் கடுமை என்றே படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். புறக்கோட்டையில் தோடம்பழமும் திராட்சையும் வாங்கிக்கொண்டு இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு ஏறினேன். நோயாளிக்குச் சாறு பிழிந்து கொடுக்கலாம் என்ற நினைப்பு.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ். என்னைத் தெரிந்த இரண்டு பேர் மருதமுனையில் ஏறினார்கள். என்னைக் கண்டதும் சலாம் சொல்லிவிட்டு, முன்னால் இடம் இருக்கப் பின்னால் போய் நின்றார்கள். கண்டக்டர் என்னிடம் டிக்கட் காசு வாங்கவில்லை. "இரிக்கட்டும் காக்கா, பிறகு பார்ப்பம்" என்றான். டிக்கட் காசு வேண்டாம் என்ற கண்டக்டரை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பாண்டிருப்புக் கோயிலடியில் ஏறிய மனிதர்கூட என் மடியிலிருந்த பழப்பையைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்தார். அந்த பஸ்ஸில் அவ்வளவு பேருக்கும் என் மனைவி செத்தது தெரிந்திருந்தது. அவளுடைய புருஷனுக்குத்தான் தெரியாது.

கல்முனைச் சந்தையடியில் மச்சான் காத்து நின்றார்.

"எப்பிடி மச்சான் அவக்கு?" என்று கேட்டேன்.

"பயப்பிடாதீங்க. கொஞ்சம் கடுமதான். வாங்க, டீ குடிச்சித்துப் போவம்."

"டீ எதுக்கு? ஊட்ட போவம்."

"ராவெல்லாம் ரயில்ல வந்திரிக்கீங்க. வெறுவயித்தோட போனா அவவும் மனம் நோவா. இரிங்க."

அவவும் மனம் நோவாளாம். இந்த ஒரு வசனத்துக்காகவே அந்த மனிதரை நான் மன்னிக்கப் போவதில்லை. தேநீர்க் கடையில் உட்காரவைத்து, இடியப்பமும் மீன் ஆணமும் எடுத்து, என் தட்டில் அவரே போட்டார். "இன்னும் ரெண்டு வெய்ங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரரும் வைத்தார், அவருக்கும் தெரியும். வீட்டுக்குப் போனால் நான் சாப்பிடமாட்டேன் என்று கணக்குப் போட்டு, மாட்டுக்குத் தவிடு காட்டுவதுபோல எனக்கு ஊட்டினார்கள். நல்ல பசி. வயிறு நிறையத் தின்றேன். மீன் ஆணம் நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

அவளை அடக்கியது முந்திய நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு.

3

வாசலில் ஆண்கள் கூட்டம். என்னைக் கண்டதும் எழுந்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு "சபூர் செய்ங்க" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். எதற்குச் சபூர் என்று ஒருவரும் சொல்லவில்லை. பொறுமையாக இரு என்ற கட்டளை முதலில் வந்தது. விஷயம் வரவே இல்லை. உள்ளே மாமி என்னைக் கண்டு குழறி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. இன்றுவரை "ஆமினா மௌத்தாகிட்டா" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆள் ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை.

"ஏன் மச்சான் சொல்லல்ல?" என்று அன்று பின்னேரம் கேட்டேன்.

"சொன்னா நீங்க தாங்கமாட்டீங்க எண்டுதான்."

"நான் வாற வரைக்குமாவது அடக்காம இரிந்திரிக்கலாமே."

"மையத்த எவ்வளவு நேரம் வெக்கிற? நீங்க வாற வரைக்கும் வெச்சா பாவம் இல்லையா?"

மையத்தை, செத்த உடம்பை, வைத்திருக்கக் கூடாது என்பது எனக்கும் தெரிந்த விஷயம். நேரத்தோடு அடக்கியதற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை. குறை சொல்வது அந்த இடியப்பத்துக்கு. மார்க்கம் அதையா சொல்லித் தந்தது?

பழப்பையை நான் எங்கே வைத்தேனோ தெரியாது. சற்று நேரத்தில் வந்தவர்களின் பிள்ளைகள் முற்றத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகையின் பக்கங்கள் போதாது. பாதிப் பேர் சம்மாந்துறையில் நெல் விலை கதைத்தார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டு மௌத்துகளை வரிசையாகச் சொல்லி, என்னுடையது அவற்றில் சிறியது என்று நிறுவினார்கள். அவளுக்காகக் கத்தம் ஓதிய அன்று சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அல்லாஹ் நாடினது நடந்திரிச்சி. சின்னவ இரிக்கா. நீங்களும் இந்த ஊட்டுக்குப் பழகின ஆள். அவக்கெண்டு வேற ஊடு கட்டவும் தேவல்ல."

சின்னவள் என்றது ஆமினாவின் தங்கையை. பக்கத்து அறையில் அந்தப் பிள்ளை தன் ராத்தாவுக்காக அழுதுகொண்டிருந்தது இந்தப் பெரியவரின் காதில் விழவில்லை. மச்சான் என் பதிலுக்காகக் காத்திருந்தார். இதே ஊரில் புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். அவளை ஒருவரும் கலியாணம் கேட்கக் கூடாது. மனைவியை இழந்தவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவனுக்கு இருக்க வீடே கிடையாது. நான் மாட்டேன் என்று சொன்னால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். மாட்டேன் என்றேன், தூக்கினேன். இங்கிலாந்து ராணிக்கு முடிசூட்டிய மறு வருஷம் கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் ஏறினேன்.

4

வெள்ளைக்காரன் முகத்துக்கு நேரே கதைப்பவன் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வந்து பார்த்தால் இங்கே பொய்யைத் தோய்த்து, கஞ்சி போட்டு, இஸ்திரியும் பிடித்து வைத்திருக்கிறார்கள். 'செத்துவிட்டாள்' என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். ஏதோ பயணம் போனவளைப்போலச் சொல்வார்கள். அடக்கம் முடிந்து ரொட்டித்துண்டு தின்று, மழையைப் பற்றிக் கதைத்து, நாலாம் நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். அழுகிறவனைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறுவார்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்கு வந்தவன் எழும்பிப் போகமாட்டான். இங்கே வரவே மாட்டான். இரண்டில் எது மேல் என்று கேட்டால், இரண்டையும் கடலில் போடுங்கள் என்பேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என் பெயரை எழுதிய அதிகாரிக்குக் குடும்பப் பெயர் ஒன்று கட்டாயம் வேண்டுமாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. ஆதம்பாவா என்ற என் பெயரை இரண்டாக வெட்டி, பின்பாதியைக் குடும்பமாக்கினார். அன்றிலிருந்து நான் மிஸ்டர் பாவா. இல்லாத ஒரு குடும்பத்தின் ஒரே அங்கத்தவன்.

இப்படி இருக்கும்போதுதான் ஹார்ப்பர் வந்தார். ரயில் பெட்டிகளுக்குச் சாயம் பூசி ஓய்வுபெற்ற மனிதர். மனைவி டோரிஸ் செத்து, அடக்கம் முடிந்த நாளிலிருந்து வாய் திறக்கவில்லை, சாப்பிடவில்லை. மகள் கொண்டுவந்து சேர்த்தாள். பெரிய டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், தலையில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும் என்று முடிவு சொன்னார். அது இங்கே வழக்கமான சிகிச்சை. மின்சாரம் பாயும்போது உடம்பு தூக்கிப்போடாமல் தோளை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. பிடித்தேன். மனைவி செத்ததற்கு ஒரு மனிதன் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு இப்படி ஒரு மருந்து. நம் பெரியவர் சின்னவளைக் காட்டினார். இவர்கள் கம்பியைக் காட்டினார்கள்.

சிகிச்சை வேலை செய்தது. சில வாரங்களில் ஹார்ப்பர் எழுந்தார், சவரம் செய்துகொண்டார், பகிடிகூட விட்டார். பெரிய டாக்டர் மாணவர்களை அழைத்துவந்து காட்டினார். எல்லோரும் கலைந்த பிறகு ஹார்ப்பர் என்னைக் கூப்பிட்டு, "பாவா, இன்றைக்குப் பார்வையாளர் நாள்தானே? டோரிஸ் எத்தனை மணிக்கு வருவாள்?" என்று கேட்டார்.

மின்சாரம் சாவை அழித்துவிட்டது. அடக்கம் செய்ததையும் அழித்துவிட்டது. வார்டில் ஒருவரும் அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ் தாமதம் என்றார்கள். இன்னொரு நாள் மழை என்றார்கள். மகள் வந்து, அம்மாவுக்குச் சளித் தடிமன், வெளியே வரமுடியவில்லை என்றாள். பெரிய டாக்டர், ஞாபகம் மெதுவாகத் தானாகவே வரும், அவசரப்படுத்த வேண்டாம் என்று உத்தரவிட்டார். ஹார்ப்பர் தலை சீவி, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டில் தந்த இனிப்பு ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றி, அவளுக்கென்று சட்டைப்பையில் வைத்தார்.

அந்தக் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

5

அடுத்த ஞாயிறு மகளைத் தாழ்வாரத்தில் மறித்தேன்.

"உங்கள் அப்பாவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "அவர் சந்தோஷமாக இருக்கிறார். அதை ஏன் பறிக்கிறீர்கள்?"

"நானும் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டேன்" என்றேன்.

அவளுக்கு எப்படி விளங்கும்? பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தாதிக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். அங்கேயே நின்றபடி கல்முனைச் சந்தையடியில் நடந்ததைச் சொன்னேன். பாதி இங்கிலீஷில் என் வினைச்சொற்கள் எல்லாம் நொண்டின. அவள் திருத்தவில்லை. முடிந்ததும், "எனக்குச் சொல்லத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றாள்.

சொன்னால் அவர் மறுபடி வாய் மூடிவிடலாம். மூடினால் மறுபடி மின்சாரம். என்னையும் வெளியே போடுவார்கள்; எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் போனேன். ஆனால் அவருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "தேநீர் குடித்தீர்களா?" என்ற கேள்வி. அவ்வளவு வருஷம் திட்டித் தீர்த்த மச்சான் என் நாக்கிலேயே பாய் விரித்துப் படுத்திருந்தார். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஹார்ப்பர், உங்கள் மனைவி செத்துவிட்டார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"எப்போது?"

"நீங்கள் இங்கே வரும் முன்பே. உங்களுக்குத் தெரிந்திருந்தது. சிகிச்சையில் மறந்துவிட்டது."

சட்டைப்பையில் இருந்த கைக்குட்டையை வெளியே எடுத்து மடியில் வைத்தார். போச்சு, வாயை மூடிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு மகளிடம், நான் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"அடக்கத்துக்கு நான் போனேனா?"

"போனீர்கள் அப்பா. கடைசிவரை நின்றீர்கள். நான் கையைப் பிடிக்க வந்தேன், வேண்டாம் என்றீர்கள். நீங்களே குனிந்து மண் எடுத்துப் போட்டீர்கள்."

"நான் போட்டேனா?"

"நீங்கள்தான்."

"மண் போட்டேனா?"

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அவர் அழுதார். மகளும் அழுதாள். அவர் அழுததில் துக்கம் மட்டும் இல்லை, ஒரு ஆறுதலும் இருந்தது. தான் அங்கே இருந்தோம் என்ற ஆறுதல். எனக்குப் பொறாமையாக இருந்தது. உண்மையைச் சொன்னால், மனைவி செத்த அந்தக் கிழவன்மேல் வாழ்க்கையில் யார்மேலும் படாத பொறாமை பட்டேன்.

6

பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பெட்டியைக் கட்டிவைத்துவிட்டுத்தான் போனேன்.

"என் உத்தரவை மீறியிருக்கிறாய்" என்றார். "சொன்னபோது என்ன செய்தார்?"

"அழுதார்."

"பிறகு?"

"மகளோடு கதைத்தார். இப்போதும் கதைத்துக்கொண்டிருக்கிறார்."

அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். அப்புறம் கோணலாக வைத்தார். "இதுபோன்ற செய்திகளை இனிமேல் நீயே சொல்லிவிடு" என்றார். என் பதவி உயர்வின் கதை இவ்வளவுதான். சொல்லப் பயந்த ஒருவர், பயத்தை எனக்குச் சம்பளமாகப் பிரித்துக் கொடுத்தார். பிறகு ஒரு வருஷம் மாலை வகுப்புக்கு அனுப்பினார்கள். குழாய் புகைத்துக்கொண்டே ஒருவர் துக்கத்தைப் பற்றி விரிவுரை செய்தார். கேள்வி கேட்ட ஒரு விதவைக்கு நேரம் போதாது என்றார். தாள் ஒன்றும் தந்தார்கள். சுவரில் மாட்டவில்லை.

ஹார்ப்பர் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போது ஒவ்வொரு நாளும் யாருக்காவது சொல்கிறேன். அழகான சொல் ஒன்றும் பாவிப்பதில்லை. செத்துவிட்டார் என்கிறேன். சிலர் அறைவதுபோல் பார்க்கிறார்கள், ஒருவன் உண்மையாகவே அறைந்தான். சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருக்கிறேன். என் சிகிச்சை முழுவதும் இதுதான். அநேகமாக எல்லோரும் கடைசியில் ஹார்ப்பர் கேட்டதையே வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். பக்கத்தில் யார் இருந்தார்கள், என்ன சொன்னார், கண் திறந்திருந்ததா? கண்டவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டுவந்து சொல்லவைக்கிறேன்.

எனக்கு யாரைக் கொண்டுவருவது என்று யோசித்துப் பார்த்தேன். புருஷன் இல்லாதபோது பெண்ணின் மையத்தைக் குழியில் வைக்க இறங்குபவன் கூடப்பிறந்தவன். ஆமினாவுக்கு ஆண் சகோதரம் ஒருவர்தான். ஆறு வருஷமாக நான் அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. பொய்யர் என்றேன், கோழை என்றேன், இங்கேயும் பக்கம் பக்கமாக அதைத்தான் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு சொல்லையும் நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அன்று அசருக்குப் பிறகு நடந்ததை அருகில் நின்று கண்ட ஆள் எனக்கு வேறு இல்லை.

மச்சான், நீங்க இத வாசிப்பீங்க எண்டு எனக்குத் தெரியும். நீங்கதானே குழிக்குள்ள இறங்கின? அவட தலைய ஆரு பிடிச்ச? மண் ஈரமா இரிந்திச்சா? புருசன் எங்க எண்டு ஆராவது கேட்டாங்களா? மத்தவங்க எல்லாரும் மூணு பிடி மண் போடக்குள்ள எனக்காக ஆரும் போட்டாங்களா, இல்லையா? இல்ல எண்டா இல்ல எண்டு எழுதுங்க.

நான் தாங்குவேன்.